பூஜ்ஜியம் வாங்கும் பயிற்சி

மாணவர்களின் மனம் வளர வேண்டும் என்று கல்வி இயக்ககம் ஒரு திங்கட்கிழமை காலையில் முடிவு செய்தது. அதற்கு முந்தைய வாரம் வரை அந்த மனம் என்ன செய்துகொண்டிருந்தது என்று கடிதத்தில் குறிப்பு எதுவும் இல்லை. "பொருள்: வளரும் மனப்பான்மை – மாணவர் மற்றும் ஆசிரியரிடையே உடனடியாக ஏற்படுத்துதல் – தொடர்பாக" என்று தொடங்கிய அந்தக் கடிதம், புத்தி பிறக்கும்போதே அளந்து ஊற்றப்படுவதில்லை, உழைத்தால் வளரும், தவறு செய்கிறவனே கற்கிறான், ஆகையால் தவறுகளை அனைவரும் மகிழ்ச்சியோடு வரவேற்க வேண்டும் என்று பக்கம் பக்கமாக அன்பு பொழிந்தது. கடைசிப் பக்கத்தில், "இவ்வாணையை நிறைவேற்றுவதில் எவ்விதத் தவறும் நேரக் கூடாது, நேரின் கடும் நடவடிக்கை எடுக்கப்படும்" என்று முடிந்தது.

மனத்தை வளர்க்க ஒவ்வொரு பள்ளியிலும் ஓர் ஒருங்கிணைப்பாளர் வேண்டுமாம். தலைமையாசிரியை அதற்காக ஆசிரியர் கூட்டம் கூட்டினார். இப்படிப்பட்ட பொறுப்புகளுக்கு ஆள் பிடிக்க அந்தப் பள்ளியில் நெடுங்காலமாக ஒரு முறை உண்டு. கூட்டம் நடக்கும்போது யார் அறையில் இல்லையோ, அவரை ஒருமனதாகத் தேர்ந்தெடுத்துவிடுவார்கள். கணக்கு வாத்தியார் அந்த நேரம் பார்த்து ஸ்டோர் ரூமில் சாக்பீஸ் தேடிக்கொண்டிருந்தார். கையில் உடைந்த சாக்பீஸ் இரண்டோடு அவர் உள்ளே வந்தபோது எல்லோரும் கைதட்டினார்கள். சாக்பீஸ் கண்டுபிடித்ததற்கு இவ்வளவு மரியாதையா என்று நெகிழ்ந்து அவரும் கும்பிட்டுவிட்டார். கும்பிட்டது சம்மதம் என்று பதிவாயிற்று.

இந்த வேலைக்கு அவரைவிடப் பொருத்தமில்லாத ஆளைத் தேடினாலும் கிடைத்திருக்காது. மாணவர்கள் இரண்டே வகை என்பது அவருடைய சித்தாந்தம்: வர்ற கேஸ், வராத கேஸ். வருஷம் பிறந்த முதல் வாரத்தில் வகுப்பை ஒரு சுற்று பார்த்துப் பிரித்துவிடுவார். இந்தக் கணிப்பில் தான் ஒருமுறைகூடத் தவறியதில்லை என்று சொல்லிக்கொள்வார். அது உண்மைதான். முதல் வாரத்துக்குப் பிறகு அவர் திரும்பிப் பார்த்ததில்லை, ஆகவே தவற வழியில்லை.

அந்த வருஷத்து வராத கேஸ்களில் முதலிடம் ஜன்னலுக்கு. ஏழாம் வகுப்பில் ஜன்னலோரம் உட்காரும் பெண்; ஆசிரியர் அறையில் அவளுக்கு அதுதான் பெயர். கேள்வி கேட்டால் எழுந்து நிற்பாள், பதில் சொல்ல மாட்டாள், உட்காரச் சொன்னால் உட்காருவாள். தொந்தரவு கிடையாது. வராத கேஸ்களில் இது உயர்ந்த ரகம் என்று வாத்தியார் அவளிடம் ஒருவித மதிப்பே வைத்திருந்தார்.

ஒருங்கிணைப்பாளர் பணி சுறுசுறுப்பாகத் தொடங்கியது. "முடியாது", "தெரியாது", "வராது" ஆகிய சொற்கள் பள்ளி வளாகத்தில் தடை செய்யப்பட்டன. அவற்றுக்குப் பதிலாக "இன்னும் முடியவில்லை", "இன்னும் தெரியவில்லை" என்று நம்பிக்கையோடு சொல்ல வேண்டும். காலை வணக்கக் கூட்டத்தில் பிள்ளைகள் அத்தனை பேரும் கையை நெஞ்சில் வைத்து, "நான் முட்டாள் இல்லை, இன்னும் புத்திசாலி ஆகவில்லை" என்று மூன்று முறை முழங்கினார்கள். வேலி ஓரமாகப் போகிறவர்கள் நின்று கேட்டுவிட்டுப் போனார்கள்.

இந்த ஏற்பாடு அலுவலகத்தில்தான் முதலில் வேரூன்றியது.

"குழாய் ரிப்பேருக்கு எழுதிப் போட்டோமே, பணம் வந்துச்சா?" என்று தலைமையாசிரியை கேட்டார்.

"இன்னும் வரல மேடம்," என்றார் பியூன்.

"போன வருஷம் கேட்டப்பவும் இதையேதான் சொன்னீங்க."

"அதுக்கு முந்தின வருஷமும் இதான் மேடம். இயக்ககத்திலேர்ந்து ஒருநாளும் இல்லைன்னு சொன்னதே கிடையாது."

தலைமையாசிரியை யோசித்துவிட்டு, "அவங்க நமக்கெல்லாம் முன்னாடியே வளர்ந்துட்டாங்க," என்றார்.

அடுத்து, பலனைப் பாராட்டாதே, முயற்சியைப் பாராட்டு என்றது கடிதம். அந்த ஏழாம் வகுப்பில் முதல் ரேங்க் வாங்கும் பையன் ஒருவன் இருந்தான். எல்லோரும் அவனை முதல் ரேங்க் என்றே கூப்பிட்டதில் அவனுக்கே தன் பெயர் சரளமாக வராது. அவன் ஒரு கணக்கை நொடியில் போட்டுக் காட்டியபோது வாத்தியார் பாராட்ட வாயெடுத்து, விதி ஞாபகம் வந்து நிறுத்திக்கொண்டார்.

"இதுல உன் முயற்சி எங்கடா?"

"தெரிஞ்ச கணக்கு சார்."

"முயற்சி தெரியணும்டா. போய் மறுபடி போட்டுட்டு வா. நடுவுல ரெண்டு தடவை அடிச்சு எழுது. நெத்தியைக் கொஞ்சம் சுருக்கு."

பையன் நெற்றியைச் சுருக்கி, அடித்து எழுதி, சரியான விடையோடு திரும்பி வந்தான். முயற்சி என்று எழுதி வாத்தியார் ஒரு நட்சத்திரம் போட்டார். வராந்தாச் சுவரில் தவறுப் பலகை ஒன்று மாட்டப்பட்டது. வாரத்தின் சிறந்த தவறுக்கு அதில் இடம் உண்டு. முன்பெல்லாம் பிள்ளைகள் பக்கத்துப் பையனின் நோட்டை எட்டிப் பார்த்துச் சரியான விடையைத் திருடுவார்கள். இப்போது நல்ல தவறாகப் பார்த்துத் திருடினார்கள். "சார், இவன் என் தப்பைப் பார்த்து எழுதிட்டான்" என்று புகார் வந்தது. வாத்தியார் இரண்டு நோட்டையும் வாங்கி, யார் தவறு மூலம், யார் தவறு நகல் என்று ஒரு பீரியட் முழுக்க விசாரித்துத் தீர்ப்புச் சொன்னார்.

வீட்டிலும் பழகிப் பார்த்தார். அவர் மனைவி பல் மருத்துவமனை ஒன்றில் நர்ஸ். வாய்க்குள் இருப்பதை வெளியே எடுப்பதில் அனுபவசாலி. ஒருநாள் குழம்பில் உப்பு தூக்கலாக இருந்தது. "உன் முயற்சி பாராட்டுக்குரியது. தவறிலிருந்து நாம் கற்கிறோம்," என்றார் வாத்தியார்.

"கத்துக்கலாம்," என்றாள் மனைவி. "ஆமா, நீங்க கடைசியா எப்போ புதுசா ஒண்ணு கத்துக்கிட்டீங்க?"

அவர் சாப்பிட்டு முடித்து, கை கழுவி, துண்டால் துடைக்கும் வரை யோசித்தார். போனில் எழுத்தைப் பெரிசாக்கக் கற்றுக்கொண்டதுதான் ஞாபகம் வந்தது. அதுவும் கண் மங்கியதால் கற்றது.

இதுவரை எல்லாம் சுகமாகத்தான் போயிற்று. பிறகு வளர்ச்சி அலுவலர் வந்தார்.

வட்டார அலுவலகத்திலிருந்து வந்த அவர் குரலை உயர்த்தாத மனிதர். தோளில் மடிக்கணினிப் பை, கையில் சொந்தத் தண்ணீர் பாட்டில். பலகையில் இருந்த தவறுகளை ஒவ்வொன்றாகப் படித்துத் திருப்தியோடு தலையாட்டினார். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து விஷயத்துக்கு வந்தார்.

"மனசு வளருதுன்னு எல்லா ஸ்கூலும் எழுதி அனுப்பறீங்க. மேலிடத்துல, எவ்வளவு வளருதுன்னு கேக்கறாங்க. அதனால ரெண்டு பரீட்சை வைக்கிறோம். முதல் பரீட்சை அடுத்த மாசம், ரெண்டாவது வருஷக் கடைசியில. ஏழாம் வகுப்புக்கு, கணக்கு மட்டும். நாப்பது கேள்வி, ஒவ்வொண்ணுக்கும் நாலு விடை, ஒண்ணுல குறி போடணும், ஒண்ணை விட்டாலும் தாள் செல்லாது. ரெண்டாவது மார்க்கிலேர்ந்து முதல் மார்க்கைக் கழிச்சா வளர்ச்சி."

"வளரலைன்னா?" என்றார் தலைமையாசிரியை.

"இருபது மார்க்காவது வளரணும். அதுக்குக் கீழே நிக்கிற பிள்ளைங்க மனசு மூடியிருக்குன்னு அர்த்தம். அவங்களைத் தனியா மனப்பான்மைச் சீரமைப்புப் பிரிவுல உட்கார வைக்கிறோம். மனசு திறக்கிற வரைக்கும் அங்க பாடம் கிடையாது. ஊக்கம் மட்டும்தான்."

"பாடமே கிடையாதா?" என்றார் வாத்தியார்.

"மூடின பாட்டில்ல தண்ணி ஊத்த முடியுமா சார்?" என்று அலுவலர் தன் பாட்டிலைத் திறந்து இரண்டு வாய் குடித்தார்.

சீரமைப்புப் பிரிவுக்கு இடமாகப் பழைய ஆய்வகம் ஒதுக்கப்பட்டது. தண்ணீர் வராத தொட்டிகளும் முதுகில்லாத ஸ்டூல்களும் இருந்த அறை அது. எட்டிப் பார்த்த பிள்ளைகள் அமைதியாகத் திரும்பி வந்தார்கள். அலுவலர் கிளம்பும்போது வாத்தியாரைத் தனியாகக் கூப்பிட்டு, வளர்ச்சியில் முதலில் வரும் பள்ளிக்குக் கேடயம் உண்டு என்றும், தலைமையாசிரியை அடுத்த வருஷம் ஓய்வு பெறுவதை மேலிடம் கவனித்துவருகிறது என்றும் பேச்சுவாக்கில் சொன்னார். வாத்தியார் அன்று வீட்டுக்கு நெஞ்சை நிமிர்த்தி நடந்து போனார்.

மறுநாள் காலை முதல் ரேங்க்கின் அப்பா வந்து நின்றார். மருந்துக்கடை வைத்திருப்பவர், கழித்தல் நன்றாகத் தெரியும்.

"என் பையன் எப்பவும் நாப்பதுக்கு முப்பத்தெட்டு வாங்கறவன். ரெண்டாவது தடவை நாப்பதுக்கு நாப்பதே வாங்கினாலும் வளர்ச்சி ரெண்டுதான். அவனைக் கொண்டுபோய் அந்த உடைஞ்ச ஸ்டூல்ல உட்கார வெச்சிடுவீங்களா?"

தலைமையாசிரியை வாத்தியாரைப் பார்த்தார். வாத்தியார் ஒரு தாளை எடுத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தார். மருந்துக்கடைக்காரர் சொன்னதில் பிழை இல்லை. இந்த விதிப்படி, படிக்கிற பிள்ளைகள் அத்தனை பேரும் ஆய்வகத்துக்குப் போயாக வேண்டும். வளர வேண்டுமானால் அடியிலிருந்து கிளம்ப வேண்டும். அடி என்பது பூஜ்ஜியம். அவர் தலை நிமிர்ந்தபோது முகத்தில் ஒரு பிரகாசம் இருந்தது.

"முதல் பரீட்சையில எல்லாரும் சைபர் வாங்கிட்டா போதும் மேடம்."

"தப்பில்லையா சார்?"

"தப்புகளை வரவேற்கணும்னுதானே மேடம் கடிதமே."

முதல் ரேங்க்கின் அப்பா அவர் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போனார்.

ஆனால் சைபர் வாங்குவது அத்தனை எளிதில்லை என்பது ஒரு வாரத்தில் தெரிந்துவிட்டது. ஒத்திகைக்காக ஒரு தாள் கொடுத்துப் பார்த்தார். ஒன்றுமே தெரியாத பயல்கள் எட்டு, பத்து, பதினொன்று என்று வாங்கிவைத்திருந்தார்கள். நான்கு விடையில் கண்ணை மூடிக் குறி போட்டாலே நாலில் ஒன்று சரியாகிவிடும். முதல் ரேங்க் ஒருவன்தான் சுத்தமான பூஜ்ஜியம். ஏனென்றால் எது சரி என்று அவனுக்கு மட்டும்தான் தெரியும். அதை மட்டும் தொடாமல் தாண்டிப் போய்விட்டான்.

ஆகவே வகுப்பு முழுவதற்கும் நாற்பது கேள்விக்கும் விடை தெரிந்தாக வேண்டும். அப்போதுதான் ஒன்றுகூடச் சரியாகப் போடாமல் தப்பிக்க முடியும். வாத்தியார் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு இறங்கினார். சொன்னால் நம்ப மாட்டீர்கள், இத்தனை வருஷச் சர்வீஸில் அவர் அப்படிப் பாடம் நடத்தியதே இல்லை. பொதுத் தேர்வுக்குக்கூட, வராத கேஸ்களை விட்டுவிட்டு வர்ற கேஸ்களை வைத்து ஒப்பேற்றிவிடுவார். இதில் அது நடக்காது. ஒரு கழுதை சரியாகக் குறி போட்டுவிட்டாலும் பள்ளியின் பூஜ்ஜியம் கெட்டுவிடும். ஆகவே கடைசி பெஞ்சு வரை போனார். ஒவ்வொருவன் பக்கத்திலும் உட்கார்ந்தார். புரியவில்லை என்றவனிடம் வேறு மாதிரி சொன்னார். பிள்ளைகளுக்கும் குஷி பிறந்துவிட்டது. இடைவேளையிலும் சண்டை போட்டுக்கொண்டார்கள்.

"டேய், 'இ'யைப் போடாதடா, அதுதான் சரி."

"எப்படிடா சரி? ஏழால வகுத்துப் பாரு."

"வகுத்துட்டுத்தான் சொல்றேன். 'ஆ' போடு, அது நல்ல தப்பு."

வராந்தாவில் போய்க்கொண்டிருந்த தலைமையாசிரியை இதைக் கேட்டு, தன் ஓய்வுக்கு முன் பிள்ளைகள் கணக்குப் பற்றிச் சண்டை போடுவதைப் பார்த்துவிட்டோமே என்று நின்றார்.

இந்த அமளியில்தான் ஜன்னல் வாயைத் திறந்தாள். ஒருநாள் மணி அடித்து எல்லோரும் போன பிறகு, பையைத் தோளில் மாட்டியபடி மேஜைக்கு முன் வந்து நின்றாள்.

"சார், அரையைக் காலால வகுத்தா ரெண்டுன்னு சொன்னீங்க."

"ஆமா. ரெண்டாவது பின்னத்தைத் தலைகீழா மாத்திப் பெருக்கு. வந்துடும்."

"வருது சார். ஆனா வகுத்தா குறையணும்ல? அரையே ஒண்ணுக்கும் கம்மி. அதை வகுத்தா எப்படி சார் ரெண்டாகும்?"

வாத்தியார் சொல்ல வாயெடுத்தார். தலைகீழாக மாற்று, பெருக்கு என்று எத்தனையோ பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறார். வர்ற கேஸ்கள் மாற்றிப் பெருக்கிவிட்டுப் போய்விட்டார்கள். ஏன் என்று யாரும் கேட்டதில்லை. அவரும் கேட்டுக்கொண்டதில்லை. அவர் மேஜைமேல் கிடந்த ஒரு தாளை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். கடைசியில் அதைக் கிழித்து, பாதித் தாளை மேஜைமேல் வைத்து, கால் தாளை அதன்மேல் வைத்து, "இதுல இது எத்தனை தடவை அடங்குது?" என்றார்.

அவள் வைத்துப் பார்த்தாள். "ரெண்டு தடவை." பிறகு மெதுவாக, "ஓ, எத்தனை தடவைங்கிறதுதான் கேள்வியா," என்றாள்.

"அதான்," என்றார் வாத்தியார், அப்போதுதான் தெரிந்துகொண்டவராக. அன்று வீட்டுக்குப் போய் மனைவியிடம் அந்தத் தாளை மடித்துக் காட்டினார். அவள், "இது உங்களுக்கு இப்பத்தான் தெரியுமா?" என்று கேட்டாள். அவருக்குக் கோபம் வரவில்லை. ரொம்ப நாளைக்குப் பிறகு மனசு லேசாக இருந்தது.

அதிலிருந்து தினமும் மணி அடித்த பிறகு அவள் இருப்பாள், அவரும் இருப்பார். அவள் மெதுவாகத்தான் வந்தாள். இன்று புரிந்தது நாளை மறந்துபோகும். மறுநாள் பாதி திரும்பி வரும். ஆனால் வந்துகொண்டே இருந்தாள். வராத கேஸ் என்று முதல் வாரத்தில் மனசுக்குள் எழுதிவைத்ததை வாத்தியார் யாருக்கும் தெரியாமல் அடித்துவிட்டார்.

முதல் பரீட்சை நடந்தது. பள்ளி வரலாற்றில் இல்லாத சாதனை. ஏழாம் வகுப்பு முழுக்கப் பூஜ்ஜியம். ஜன்னல் மட்டும் ஒன்பது. அவள் இன்னும் பாதிப் பாடத்தைத்தான் தாண்டியிருந்தாள். தெரிந்த கேள்விகளில் கவனமாகத் தப்பாகப் போட்டாள். தெரியாதவற்றில் அவள் பாட்டுக்குக் குறி போட, அதில் ஒன்பது சரியாகிவிட்டது. போனால் போகட்டும், ஒன்பதிலிருந்துகூட வளரலாமே என்று வாத்தியார் தன்னைத் தேற்றிக்கொண்டார்.

அப்புறம் வருஷம் போனது எப்படி என்று சொல்லத் தேவையில்லை. மற்ற பிள்ளைகளுக்குத்தான் எல்லாம் தெரியுமே. மறக்காமல் பார்த்துக்கொண்டால் போதும். வகுப்பில் முழக்கமும் நட்சத்திரமும் தவறுப் பலகையுமாகப் பொழுது போயிற்று. வாத்தியாருக்கு அறிக்கை எழுதுகிற வேலை வேறு சேர்ந்தது. மனம் வளர்வதைப் படம் பிடித்து அனுப்பச் சொன்னார்கள். மணி அடித்த பிறகு படம் பிடிக்கவும், இணையத்தில் ஏற்றவும், ஏறவில்லை என்று மறுபடி ஏற்றவும் நேரம் போதவில்லை. ஜன்னல் பையை மாட்டியபடி வாசலில் நிற்பாள். "நாளைக்குப் பார்க்கலாம்மா," என்பார். சில நாளைக்கு நாளை வந்தது, பல நாளைக்கு வரவில்லை. அவள் விட்டுப்போன பாதியில் கொஞ்சத்தைத் தானே தாளை மடித்து மடித்துப் போட்டுப் பார்த்துக்கொண்டாள்.

இரண்டாவது பரீட்சையில் பிள்ளைகள் பழைய கணக்கு மொத்தத்தையும் தீர்த்துவிட்டார்கள். முப்பத்தைந்து, முப்பத்தேழு, முதல் ரேங்க் முப்பத்தொன்பது. வட்டாரத்திலேயே முதலாவது. வளர்ச்சி அலுவலர் கேடயத்தைக் காரில் வைத்துக்கொண்டு நேரிலேயே வந்தார். கூடவே ஒரு தாளும் கொண்டுவந்தார்.

"ஒரே ஒரு பொண்ணுதான் சார் வளரல. ஒன்பதிலேர்ந்து இருபத்துநாலு. பதினஞ்சுதான். சீரமைப்புக்கு அனுப்பணும். ஒருங்கிணைப்பாளர் கையெழுத்து இங்க."

வாத்தியார் தாளைப் பார்த்தார். அந்தப் பள்ளியில் இரண்டு பரீட்சைக்கும் நடுவில் உண்மையில் வளர்ந்தது அவள் ஒருத்திதான். அதை அவர் அறிவார். அதை நிரூபிக்க வேண்டுமானால் மற்ற பூஜ்ஜியங்கள் எல்லாம் தான் சமைத்தவை என்று சொல்லியாக வேண்டும். சொன்னால் கேடயம் காரிலேயே திரும்பிவிடும். அடுத்த வருஷத்துத் தலைமையாசிரியர் நாற்காலியும் கூடவே போய்விடும். சொல்லாவிட்டால் அந்தப் பெண் முதுகில்லாத ஸ்டூலில் உட்கார்ந்து, பாடம் இல்லாமல், நான் முட்டாள் இல்லை என்று நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருப்பாள். நல்ல காரியம் செய்ய வேண்டிய நேரத்தில் வேறு யாராவது அறையில் இல்லையா என்று அவர் சுற்றிப் பார்த்ததும் உண்மை. தலைமையாசிரியை மட்டும் இருந்தார். அவர் கேடயத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"சார்," என்று கடைசியில் தொடங்கினார் வாத்தியார். "முதல் பரீட்சையில இவங்க வாங்கின சைபர் எல்லாம் வந்து..."

"தெரியும் சார்," என்றார் அலுவலர், எப்போதும் போல மெதுவாக.

"தெரியுமா?"

"வட்டாரத்துல எல்லா ஸ்கூலும் சைபர்தான். நிஜமா ஒண்ணும் தெரியாத பிள்ளைங்களா இருந்தா பத்து மார்க்காவது வாங்கியிருக்கும். எல்லாரும் சைபர்னா எல்லாருக்கும் எல்லாம் தெரியுதுன்னு அர்த்தம். நானும் கணக்கு வாத்தியாரா இருந்து வந்தவன்தான்."

"அப்போ மேலிடத்துல சொல்லலாமே."

"மேலிடத்துலயும் தெரியும். அவங்க அவங்களுக்கு மேல இருக்கறவங்களுக்குக் காட்டணும். வளர்ச்சி காட்டறதுக்காக, போன வருஷம் வட்டாரமே மோசம்னு முதல்ல எழுதினதும் அவங்கதான்." அலுவலர் பேனாவின் மூடியைக் கழற்றி நீட்டினார். "எல்லாரும் கீழேர்ந்து கிளம்பியாச்சு சார். இந்தப் பொண்ணு ஒருத்திதான் நின்ன இடத்திலேர்ந்து கிளம்பியிருக்கா. கணக்குல இடிக்குது."

வாத்தியார் பேனாவை வாங்கினார். முடியாது என்று சொல்லிவிட வேண்டும் என்று நாக்கு நுனி வரை வந்தது. தடை செய்யப்பட்ட சொல் என்பதும், தடை செய்தவர் தானே என்பதும் ஞாபகம் வந்தன. கையெழுத்துப் போட்டுவிட்டார். கையெழுத்துக் கோணலாக விழுந்தது. பரவாயில்லை, முயற்சிதான் முக்கியம் என்று அலுவலர் சொன்னார்.

பெண்ணிடம் யார் சொல்வது என்று பேச்சு வந்தது. வாத்தியார்தான் போனார். அந்த மட்டும் அவருக்கு மானம் இருந்தது. காலி வகுப்பில் ஜன்னலோரம் அவள் உட்கார்ந்திருந்தாள். அலுவலரும் தலைமையாசிரியையும் கேடயத்தோடு பின்னால் வந்து வாசலில் நின்றதை அவர் கவனிக்கவில்லை.

"நாளையிலேர்ந்து உன்னை ஆய்வக ரூம்ல உட்காரச் சொல்றாங்கம்மா," என்றார்.

"நான் இருபத்துநாலு வாங்கினேனே சார்."

"வாங்கினே. ஆனா முதல் பரீட்சையில ஒன்பது வாங்கிட்டே. மத்தவங்க எல்லாம் சைபர்."

அவள் மனசுக்குள் கழித்துப் பார்த்தாள். கழித்தல் சரியாக வந்ததை அவர் அவள் முகத்தில் பார்த்தார்.

"நான் வேணும்னு பண்ணல சார். எது சரின்னு தெரிஞ்சவங்களுக்குத்தானே தப்பாப் போட வரும். எனக்கு அப்போ தெரியாது."

"உன்மேல தப்பில்லம்மா. என்னை மன்னிச்சுடு."

ஒரு வாத்தியார் தன்னிடம் மன்னிப்புக் கேட்பதை அவள் அதுவரை பார்த்ததில்லை. அவரைத் தேற்ற வேண்டியது தன் பொறுப்பு என்று நினைத்துவிட்டாள்.

"விடுங்க சார். இப்போ எனக்குப் பின்னம் வரும், வகுத்தல் வரும். அடுத்த வருஷம் முதல் பரீட்சையில பாருங்க, நானும் சைபர் வாங்கிடறேன். ஒண்ணுகூடச் சரியா போட மாட்டேன்."

வாசலில் செருமல் கேட்டது. வளர்ச்சி அலுவலர் உள்ளே வந்தார். அவர் முகம் மலர்ந்திருந்தது.

"என்னம்மா சொன்னே? இன்னொரு தடவை சொல்லு."

அவள் எழுந்து நின்று சொன்னாள்.

"இது. இதைத்தான் நாங்க இத்தனை மாசமா எதிர்பார்த்தோம்," என்று அலுவலர் தலைமையாசிரியையைப் பார்த்துச் சொன்னார். "தோத்துட்டோம்னு உட்காரல பாருங்க. எங்க தப்புன்னு கண்டுபிடிச்சா. அடுத்த தடவை எப்படிப் பண்ணணும்னு அவளே சொல்றா. மனசு திறந்துடுச்சு. இனிமே இவளுக்குச் சீரமைப்பு எதுக்கு?" பையிலிருந்து தாளை எடுத்து நாலாகக் கிழித்து ஜன்னல் வழியே போட்டார். தலைமையாசிரியை கேடயத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கைதட்டினார். அலுவலரும் தட்டினார்.

வாத்தியாருக்குத் தலையிலிருந்து மலை இறங்கினாற்போல இருந்தது. பெண் வகுப்பிலேயே இருப்பாள், கேடயமும் இருக்கும், நாற்காலியும் எங்கேயும் போகாது. யாருக்கும் எந்த நஷ்டமும் இல்லை. அவள் மட்டும் கைதட்டுகிற மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றாள். கரும்பலகையில் கணக்கு தப்பாகப் போய்க்கொண்டிருக்கும்போது, யாராவது சொல்வார்களா என்று காத்திருக்கும் பார்வை அது. இருந்தவர்களில் பலமாகக் கைதட்டியவர் கணக்கு வாத்தியார்தான்.